வாளி இருந்த இடத்தில் ஒரு பூந்தொட்டி

புக்கிட் தெங்கா தொழிற்சாலையில், பேக்கிங் பகுதிக்கு நான் லைன் லீடர். தினமும் தீவிலிருந்து பாலம் கடந்து, கம்பெனி பஸ்ஸில் தூங்கி வழிந்தபடி போவேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று வீட்டில் சொல்வார்கள். வேலையிடத்திலும் அதேதான் சொல்கிறார்கள், நான் இல்லாதபோது.

எங்கள் கூரை ஒழுகும். அதுவும் சரியாக, பெட்டி ஒட்டும் அக்காவின் மேசைக்குப் பக்கத்தில். மழை வந்தால் வாளி வைப்போம். அப்படியும் சில பெட்டிகள் நனைந்துவிடும், பழி அக்கா தலையில் விழும். ஈரப் பெட்டிக்காக அவருக்கு ஏற்கெனவே எச்சரிக்கை கொடுத்திருந்தார்கள். அது இருக்கும்வரை காண்ட்ராக்டைப் புதுப்பிக்க மாட்டார்கள். வீட்டில் சம்பாதிப்பவர் அவர் ஒருவர்தான்.

கூரை ஒழுகுகிறது என்று சூப்பர்வைசரிடம் சொன்னேன். அவர் தனக்கு மேலே இருப்பவரிடம் கொஞ்சம் ஈரம் என்றார். மேனேஜரிடம் போனபோது அது ஈரப்பதம் ஆயிற்று. அதற்கும் மேலே, ஈரப்பதம் கண்காணிக்கப்படுகிறது என்று மீட்டிங் திரையில், எல்லாம் சரி என்ற பச்சை நிறத்தில் காட்டினார்களாம். மேலே போகப் போகக் கூரை நன்றாகிக்கொண்டே வந்தது. கீழே இருந்த எங்களுக்குத்தான் அது தெரியவில்லை.

பெரிய பாஸ் வருகிறார் என்றதும் தரையில் மஞ்சள் கோடெல்லாம் புதிதாக அடித்தார்கள். வாளி அசிங்கமாக இருக்கிறது, எடுங்கள் என்றார் மேனேஜர். வானம் வேறு இருட்டிக்கொண்டு நின்றது. தண்ணீர் சொட்டினால் என்ன செய்வது என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, வரவேற்பறையிலிருந்து பெரிய பூந்தொட்டி ஒன்றைக் கொண்டுவந்து அந்த இடத்தில் வைக்கச் சொன்னார். தன் மூளையை நினைத்து அவருக்கே பெருமை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பாஸ் தமிழர். பின்னால் மேனேஜர்கள் வரிசை கட்டி வர, தொட்டியின் முன்னால் நின்றார். எல்லா லைனிலும் இப்படி வைக்கலாமே என்றார். உடனே எல்லோரும் குறித்துக்கொண்டார்கள். பிறகு அக்காவிடம் திரும்பினார்.

"நல்லா பசுமையா இருக்கே அக்கா. யாரு தண்ணி ஊத்துறது?"

அக்கா மேனேஜரைப் பார்த்தார். நான் முந்திக்கொண்டேன்.

"மழைதான் பாஸ் ஊத்துது."

பாஸ் அப்போதுதான் தலையைத் தூக்கிக் கூரையைப் பார்த்தார். வெளியே மழை பிடித்திருந்தது. ஒரு சொட்டு இலையில் விழுந்தது. தன்னிடம் ஏன் யாரும் சொல்லவில்லை என்று கேட்டார். மேனேஜர்கள் ஆளுக்கொரு பக்கம் பார்த்தார்கள். இந்த முறை அக்காவே பேசினார்.

"சொன்னோம் பாஸ். உங்ககிட்ட வந்து சேர்றதுக்குள்ள காஞ்சி போச்சு போல. இங்க பெட்டி காயல லா. அதுக்குத்தான் எனக்கு வார்னிங் குடுத்துட்டாங்க, என் வேலை போகப் போவுது."

பாஸ் சிரிக்கவில்லை. எச்சரிக்கையை ரத்து செய்யச் சொல்லிவிட்டுத்தான் அங்கிருந்து நகர்ந்தார். அக்கா அழுதுவிட்டார், நானும்தான்.

அக்கா இன்னும் அதே மேசையில்தான் வேலை செய்கிறார். பூந்தொட்டிகள் அந்த வாரமே எல்லா லைனுக்கும் வந்து சேர்ந்தன. கூரைக்கு இன்னும் கொட்டேஷன் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.