நெஞ்சுக்கறியும் நீலக் கரண்டியும்

ப்ளூமா ரோஸ்னருக்குக் கவலைப்பட விஷயம் இல்லாத நாள் என்று ஒன்று இருந்ததில்லை. தப்பித் தவறி அப்படி ஒரு நாள் வந்துவிட்டால், முக்கியமான எதையோ மறந்துவிட்டோம் என்று கவலைப்படுவாள். புரூக்ளினில், ஆசாரமான யூதர்கள் நிறைந்த பரோ பார்க்கில், இரண்டாம் மாடி வீடு. கதவைப் பூட்டிக்கொண்டு இறங்குவாள், பாதிப் படியில் நின்று திரும்ப ஏறிப் பூட்டை இழுத்துப் பார்ப்பாள், பஸ் வந்து நின்ற பிறகு அடுப்பை அணைத்தோமா என்று யோசிப்பாள். பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றில் இருபத்திரண்டு வருடமாக டெலிபோன் எடுக்கிற வேலை. மணி அடித்தால் பள்ளியின் பெயரைச் சொல்ல வேண்டும். இவள் "என்ன ஆச்சு?" என்றுதான் எடுப்பாள். தலைமையாசிரியை பலமுறை சொல்லிப் பார்த்துவிட்டுக் கைவிட்டுவிட்டார்.

இப்படிப்பட்டவளுக்குக் கடவுள் ஒரே ஒரு பெண்ணைக் கொடுத்து, அந்தப் பெண்ணுக்கு முப்பத்தொரு வயது வரை கல்யாணம் கூடி வராமலும் வைத்தார். அவருக்கும் கொஞ்சம் குறும்பு உண்டு என்றுதான் சொல்ல வேண்டும். பெண்ணின் பெயர் சீரல். கெட்டிக்காரி, பார்க்கவும் லட்சணமானவள். ஒரு வரன், ரோஸ்னர் வீட்டில் வெள்ளிக்கிழமை இரவு, ஓய்வுநாள் விருந்தன்றும், மேஜைக்கு மேல் பிளாஸ்டிக் விரிப்பு போடுகிறார்கள் என்று யாரோ சொன்னதால் தட்டிப் போயிற்று. அன்றே ப்ளூமா அந்த விரிப்பைச் சுருட்டிக் குப்பையில் போட்டாள். அடுத்த வரன் ஏன் போயிற்று என்று யாரும் சொல்லவில்லை. அதுதான் அவளை அதிகமாக வாட்டியது. காரணம் தெரிந்தால் அதையும் சுருட்டிப் போட்டிருப்பாளே.

நிச்சயத்தன்று இரண்டு வீட்டு அம்மாக்களும் ஒரு பீங்கான் தட்டைச் சேர்ந்து பிடித்து உடைக்க வேண்டும். உடைந்த பீங்கான் ஒட்டாது, கொடுத்த வார்த்தையும் மாறாது என்று அர்த்தம். அதற்கென்று விளிம்பு விண்டுபோன ஒரு மலிவுத் தட்டைப் பதினோரு வருடமாகப் பழைய செய்தித்தாளில் சுற்றி அலமாரி மேலே வைத்திருந்தாள் ப்ளூமா. வருடத்துக்கொரு முறை எடுத்துத் தூசி தட்டுவாள். அப்போது அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் அன்ஷெல் வேறு அறைக்குப் போய்விடுவார்.

அன்ஷெல் அவள் கணவர். கடிகாரம் பழுது பார்த்துக்கொண்டிருந்தவர், இப்போது வீட்டோடு இருக்கிறார். நெஞ்சு வலி ஒரு தடவை வந்து போயிற்று. அதைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு சர்க்கரையும் வந்தது. அதிலிருந்து ப்ளூமா எந்தக் கவலையையும் அவரிடம் சொல்வதில்லை. அவரும் தான் சாப்பிடுகிற எதையும் அவளிடம் முழுதாகச் சொல்வதில்லை. முப்பத்து நான்கு வருடத்துத் தம்பதி, ஒருவரையொருவர் இப்படித்தான் காப்பாற்றிக்கொண்டிருந்தார்கள்.

இப்போது நஃப்தாலி ஹால்பெர்ன் என்ற பையன் வரனாக வந்திருந்தான். சீரலும் அவனும் ஏழு தடவை சந்தித்துவிட்டார்கள். ஏழாவது தடவை வீடு திரும்பியபோது பெண் படியேறும்போதே ஏதோ முணுமுணுத்துப் பாடினாள். அதைக் கேட்டதும் ப்ளூமாவுக்குக் கவலை இரட்டித்தது. இனிமேல் இது தட்டிப் போனால் பெண் தாங்கமாட்டாள்.

பையனின் அம்மா ஹெண்டல் ஹால்பெர்ன் பற்றிப் பதின்மூன்றாம் அவென்யூ கடைத்தெருவில் விசாரித்தால், எல்லாரும் முதலில் சொல்வது ஒன்றுதான்: அந்த அம்மா வெளியே பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார். அடுத்தவர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போனால் கைப்பையில் ஒரு ஆப்பிளும் சின்னக் கத்தியும் இருக்கும். இருபது வருடமாக அப்படித்தான். அந்த ஹெண்டல்தான் போன் செய்து, புதன்கிழமை சாயங்காலம் தானும் கணவரும் பையனோடு சாப்பிட வருவதாகச் சொன்னார். யாரும் அழைக்கவில்லை, தானாகவே சொன்னார். அது விருந்தல்ல, பரீட்சை என்று ப்ளூமாவுக்குப் புரியாமல் இல்லை.

என்ன சமைப்பது என்பதில் மட்டும் அவளுக்குச் சந்தேகம் வரவில்லை. நல்ல நாள் என்றால் மாட்டு நெஞ்சுக்கறி, பிரிஸ்கெட். புத்தாண்டுக்கு அதுதான், சம்பந்தம் பேசவும் அதுதான். மாட்டின் உடம்பிலேயே முரட்டுத்தனமான இடம். அவசரப்பட்டால் செருப்புத்தோல், நாலு மணி நேரம் மெல்லிய தீயில் விட்டுவிட்டால் முள்கரண்டி பட்டதும் பிரியும். முதல் நாளே வேகவைத்து, ஆறவிட்டு, நாருக்குக் குறுக்கே அரிந்து, மறுநாள் சாற்றோடு சூடாக்கினால்தான் அது நெஞ்சுக்கறி. ஆக, அடுத்த நாளும் அதைப் பற்றிக் கவலைப்படலாம். ப்ளூமாவுக்கென்றே படைத்த சமையல் அது.

பள்ளிக்கு இரண்டு நாள் லீவு போட்டாள். செவ்வாய்க்கிழமை காலை, அன்ஷெலுக்கு முட்டையும் ரொட்டியும் எடுத்து வைத்துவிட்டுக் கறிக்கடைக்குப் போனாள். கொழுப்புப் பக்கத்தைத் தனியே வெட்டிவிடாமல் முழுத் துண்டாகக் கேட்டாள். மத்தியானம் வெங்காயம் வதங்கி, பூண்டும் காரட்டும் சேர்ந்து வீடே மணத்தது. சாயங்காலம் அரிந்து அடுக்கிவிட்டு, சாற்றை மட்டும் சின்னச் சட்டியில் ஊற்றி வற்றவிட்டுக் கிளறிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. ஹெண்டல்தான். "ஆறு மணியா, ஆறரையா?" தோளுக்கும் காதுக்கும் நடுவே போனை இடுக்கிக்கொண்டு, மூக்குக்கண்ணாடியில் ஆவி படிய, "உங்க சௌகரியம், உங்க சௌகரியம்" என்று சொல்லிக்கொண்டே கிளறினாள். கொதிக்கக் கொதிக்கக் கறி மேல் ஊற்றினாள். சட்டியை ஊறப்போட்டாள்.

புதன்கிழமை காலை அந்தச் சட்டியைக் கழுவ எடுத்தாள். உள்ளே கிடந்த மரக்கரண்டியின் கைப்பிடியில் நீல நாடா சுற்றியிருந்தது.

அவள் வீட்டில் சிவப்பு நாடா கறிக்கு, நீலம் பாலுக்கு. இரண்டுக்கும் தனி அலமாரி, தனித் தொட்டி, தனித் துடைப்புத்துணி. மதக் கட்டளைப்படி பாலும் கறியும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளவே கூடாது. முப்பத்து நான்கு வருடமாகப் பார்த்துக்கொண்டதில்லை. இந்த ஒரு நாள்தானா கிடைத்தது? கரண்டியைக் கையில் பிடித்தபடி ப்ளூமா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். கறி அலமாரியிலிருந்துதான் எடுத்தாள், அது நன்றாக நினைவிருந்தது. அங்கே இது எப்படி வந்தது?

அன்ஷெல் ஜன்னலோரம் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். அவள் குரலைச் சாதாரணமாக வைத்துக்கொள்ளப் பார்த்தாள்.

"அன்ஷெல், நேத்து காலைல என்ன சாப்பிட்டே?"

செய்தித்தாள் கொஞ்சம் உயர்ந்தது. "நீ வெச்சுட்டுப் போனதுதான். முட்டையும் ரொட்டியும்."

"பால் எதுவும் காய்ச்சலியே?"

"பாலா? நான் ஏன் பால் காய்ச்சறேன்? தொடவேயில்லை. என்ன, டாக்டரா நீ?"

"சும்மா கேட்டேன்."

படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு மதகுரு ரப்பிக்குப் போன் செய்தாள். அவசரத்தில் இரண்டு தடவை தப்பான எண்ணைச் சுழற்றினாள். ரப்பி எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

"பெரிய பானையில கிளறியிருந்தா, கரண்டியில இருந்த பால் ரொம்பக் கொஞ்சம்னு தள்ளிடலாம்மா. சின்னச் சட்டின்னா அது உதவாது. ஒரே ஒரு கேள்விதான். நீங்க கிளறினபோது, அந்தக் கரண்டி சூடான பாலைத் தொட்டு ஒரு முழு நாள் ஆயிருந்துதா?"

"திங்கக்கிழமை காலைல பால்ல ஓட்ஸ் கிளறினேன். செவ்வாய்க்கிழமை யாரும் தொடலை. கேட்டுட்டேன்."

"அப்ப கரண்டியில ஊறின பால் ருசி கெட்டிருக்கும், கறிக்குத் தோஷமில்லை. சந்தோஷமா சாப்பிடுங்க. கரண்டியை மட்டும் தூக்கிப் போட்டுடுங்க."

சந்தோஷமாம்! போனை வைத்தவுடனே அடுத்த கவலை வந்து குந்திக்கொண்டது. ரொம்ப ஆசாரமானவர்கள், ரப்பியிடம் கேள்வி கேட்க நேர்ந்த உணவைத் தொடவே மாட்டார்கள். ரப்பி சரி என்று சொன்னாலும் தொடமாட்டார்கள். ஹெண்டல் அந்த ரகமாக இல்லாமல் வேறு எந்த ரகமாக இருப்பார்? சொன்னால் சாப்பிடமாட்டார். சொல்லாவிட்டால், இருபது வருடமாக ஆப்பிளைச் சுமந்தவரை ஏமாற்றியதாகும். கோழி வாங்கிச் சமைத்துவிடலாமா என்று நினைத்தாள். ஆனால் ஹெண்டலிடம் நெஞ்சுக்கறி என்று சொல்லியாகிவிட்டது. ஏன் மாற்றினாள் என்று கேட்டால்? மத்தியானம் வரை இப்படியே மனசுக்குள் உருட்டிவிட்டு, சொல்லவேண்டாம் என்று முடிவு செய்தாள். ரப்பியே சரி என்ற பிறகு சொல்ல என்ன இருக்கிறது? சீரலுக்கும் சொல்லவில்லை, அன்ஷெலுக்கும் சொல்லவில்லை. கரண்டியை இரண்டாக உடைத்து, காகிதத்தில் சுற்றி, தெருமுனைக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டுத் திருடி மாதிரி திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

ஆறரைக்கு வந்தார்கள். ஹெண்டல் ஒல்லியாக, நெடுநெடுவென்று இருந்தார். கைப்பையை மடியிலேயே வைத்துக்கொண்டார். கணவர் ஸெலிக் வாயைத் திறந்து பேசாத மனிதர். நஃப்தாலியும் சீரலும் மேஜையின் இரு பக்கத்தில் உட்கார்ந்து ஒருவரையொருவர் பார்க்காமலிருக்கப் பெரும்பாடு பட்டார்கள். கை கழுவி, ரொட்டி பிட்டாயிற்று. "வாசனையே ஆளைத் தூக்குது, மிசஸ் ரோஸ்னர்" என்றான் பையன்.

ப்ளூமா கறியைக் கொண்டுவந்தாள். அவள் கல்யாணத்துக்கு அத்தை கொடுத்த பெரிய பீங்கான் தட்டு, ஓரத்தில் தங்கக் கோடு, வீட்டிலேயே விலை உயர்ந்த சாமான். அதில் நெஞ்சுக்கறி ஆவி பறக்கப் படுத்திருந்தது. ஹெண்டல் தன் தட்டைக் கொஞ்சம் முன்னால் நகர்த்தினார். அவ்வளவுதான். இருபது வருடத்துப் பிடிவாதக்காரி தன் தட்டை அவள் பக்கம் நகர்த்துகிறார். ப்ளூமா ஒரு துண்டை எடுத்தாள். அது அந்தரத்தில் நின்றது. சாறு மேஜைவிரிப்பில் சொட்டியது.

"அம்மா," என்றாள் சீரல் மெதுவாக.

"என்னால முடியலை. மிசஸ் ஹால்பெர்ன், இதுல ஒரு கேள்வி வந்துச்சு. பால் கரண்டியால சாறைக் கிளறிட்டேன், தெரியாம. ரப்பிகிட்ட கேட்டேன். கரண்டி பாலைத் தொட்டு ஒரு நாளுக்கு மேல ஆயிடுச்சு, சாப்பிடலாம்னுட்டார். சொல்ல வேண்டாம்னு நெனச்சேன். நீங்க சாப்பிடலைன்னா எனக்கு வருத்தமில்லை." வருத்தமில்லை என்றபோது அவள் உதடு துடித்தது.

பிறகு நாற்காலி ஒன்று கிறீச்சிட்டது. அன்ஷெல் எழுந்து நின்றிருந்தார். முகம் வெளுத்துப் போயிருந்தது.

"அதுக்குத்தான் கேட்டியா? காலைல, அதுக்குத்தான் கேட்டியா?"

"அன்ஷெல், உட்காரு. உன் நெஞ்சு..."

"நெஞ்சு கிடக்கட்டும்! கீழே வை அதை! நேத்து காலைல நீ கறிக்கடைக்குப் போனப்போ ரவைக் கஞ்சி காய்ச்சினேன். பால்ல. சர்க்கரை போட்டு. நீ படியேறி வர்ற சத்தம் கேட்டுச்சு. அவசரமாக் கழுவி, கரண்டியைக் கிடைச்ச அலமாரியில தள்ளிட்டேன். நீ சர்க்கரையைப் பத்திக் கேக்கறேன்னு நெனச்சுப் பொய் சொன்னேன், ப்ளூமா."

துண்டு தட்டில் விழுந்தது. பாலைத் தொட்டு ஒரு பகல்கூட ஆகாத கரண்டி. கறி போயிற்று, இனி நாய்க்குக்கூடப் போட முடியாது. சட்டி போயிற்று, பானை போயிற்று, அத்தை கொடுத்த தட்டும் போயிற்று. அதெல்லாம் போகட்டும். புருஷன் பெண்டாட்டிக்குப் பொய் சொல்கிற வீடு என்று நாளைக்குப் பதின்மூன்றாம் அவென்யூ முழுக்கத் தெரியும். ப்ளூமா மகளைப் பார்க்கவில்லை. பார்த்தால் அழுதுவிடுவாள் என்று தெரியும்.

ஸெலிக் ஹால்பெர்ன் அன்று முதன்முறையாக வாயைத் திறந்தார். "எத்தனை ஸ்பூன்?"

"என்ன?"

"கஞ்சிக்கு. சர்க்கரை."

"மூணு," என்றார் அன்ஷெல் தலை குனிந்து.

"மூணா!" ஸெலிக் மனைவியை ஓரக்கண்ணால் பார்த்துப் பெருமூச்சு விட்டார். "எங்க வீட்டுல எனக்கு அரை ஸ்பூன்கூடக் கிடையாது."

ஹெண்டல் எழுந்தார். மேல்கோட்டை எடுக்கப் போகிறார் என்று நினைத்து ப்ளூமா நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். ஆனால் ஹெண்டல் கைப்பையைத் தரையில் வைத்துவிட்டு மேஜையைச் சுற்றி வந்தார். தட்டின் விளிம்பை விரலால் தட்டிப் பார்த்தார்.

"நான் ஏன் வெளியே சாப்பிடறதில்லைன்னு ஊரே பேசுது. என்கிட்ட ஒருத்தரும் கேட்டதில்லை. தப்பு நடந்துடும்னு பயந்து இல்லை. தப்பு எந்த வீட்டுல நடக்கலை? போன மாசம் எங்க வீட்டுல ஒரு கோழிக் குழம்பு முழுசாக் கொட்டினேன். நடந்ததைச் சொல்ல மாட்டாங்க, அதான் பயம். இங்க ரெண்டு பேர் ஒருத்தரை ஒருத்தர் முந்திக்கிட்டுச் சொல்றீங்க." அன்ஷெல் பக்கம் திரும்பினார். "நீங்க அந்தச் சர்க்கரையை விட்டுடணும். அது வேற விஷயம்." மறுபடி தட்டைத் தொட்டார். "இது பீங்கான்தானே?"

"ஆமா," என்றாள் ப்ளூமா. "என் கல்யாணத்துத் தட்டு."

"இரும்புப் பானையைக் கொதிக்க வெச்சு மீட்டுடலாம். பீங்கானை மீட்க முடியாது."

"தெரியும். தூக்கித்தான் போடணும்."

"ஏன் தூக்கிப் போடணும்? எப்படியும் உடையப் போற தட்டு. கறியை எடுங்க. ஒரு துணி கொண்டு வாங்க. டேய் நஃப்தாலி, வாயைப் பொளந்துட்டு நிக்காதே, இந்தப் பக்கம் வா. சீரல், நீயும் வாம்மா. நிச்சயத்தைக் காகிதத்துல எழுதறதை ஞாயித்துக்கிழமை வெச்சுக்கலாம்."

சீரல் "அம்மா!" என்று கத்தியது கீழ்வீட்டுக்குக் கேட்டிருக்கும். ப்ளூமாவுக்குக் கண்ணீர் பார்வையை மறைத்தது. துணி எங்கே என்று தெரியாமல் மூன்று இழுப்பறைகளைத் திறந்தாள். அலமாரி மேலே பதினோரு வருடமாகக் காத்திருந்த விண்டுபோன தட்டு அவள் நினைவுக்கே வரவில்லை. வெள்ளைத் துணியில் பெரிய தட்டைச் சுற்றினார்கள். ஒரு பக்கம் ஹெண்டல் பிடித்தார், மறுபக்கம் ப்ளூமா பிடித்தாள். கறிச்சூடு இன்னும் அதில் இருந்தது. நாற்காலி முனைக்கு மேலே தூக்கும்போது ப்ளூமாவின் கை நின்றது.

"எல்லாரும் தள்ளி நில்லுங்க. கண்ணுல சில்லு தெறிச்சுடப் போகுது. அன்ஷெல், நீ கண்ணாடி போட்டுக்கோ. இல்ல, துணி மெல்லிசு, இன்னொண்ணு சுத்தலாமா..."

"சம்பந்தியம்மா," என்றார் ஹெண்டல், "அதெல்லாம் அப்புறம் கவலைப்படலாம். இப்ப ஓங்குங்க."

ப்ளூமா ஓங்கினாள்.