அரை மணி நேரம் கொதித்த வேர்

என் கணவர் ஏற்காட்டு மலையில் நாகலூர்ப் பக்கத்து எஸ்டேட்டில் மிளகு பறிப்பவர். மிளகுக்கொடி படர்ந்த சில்வர் ஓக் மரத்தில் ஏணியைச் சாய்த்து ஏறி இறங்குவதுதான் வேலை. நாலைந்து வருடமாக அவருக்கு மூட்டுவலி. மார்கழிக் குளிரில் காலையில் முழங்கால் மடங்காது, சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடப்பார். மாத்திரை வயிற்றை எரிக்கிறது என்று அதையும் விட்டுவிட்டார்.

அவருடைய தங்கை சிங்கப்பூரில் ஒரு சீனர் வீட்டில் சமையல் வேலை செய்கிறாள். போன வருடம் லீவில் வந்தபோது, அங்குள்ள மருந்துக்கடையிலிருந்து ஆறு பொட்டலம் வாங்கி வந்தாள். உள்ளே மரப்பட்டை, காய்ந்த குச்சிகள், சுருங்கிய சிவப்புப் பழம். தனியாக ஒரு சின்னக் காகித மடிப்பில் கறுத்த வேர்த்துண்டுகள். அந்த வீட்டுப் பாட்டியம்மா இதைக் குடித்துத்தான் மாடி ஏறுகிறாராம்.

"அண்ணி, இந்தக் கருப்பு வேர மட்டும் மொதல்ல தனியா ரெண்டு மணி நேரம் கொதிக்க வெக்கோணும். அதுக்கப்பறந்தான் மத்ததப் போடோணும். கடைக்காரரு நொம்பக் கண்டிப்பாச் சொன்னாருங்க" என்றாள்.

முதல் இரண்டு பொட்டலத்தையும் அவளே நின்று காய்ச்சினாள். மறுநாள் காலை அவர் சுவரைப் பிடிக்காமல் வாசலுக்கு வந்தார். எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

அவள் கிளம்பிப் போனபின் மூன்றாவது பொட்டலத்தை நான் காய்ச்சினேன். காபிக்கொட்டை காயப்போடும் களத்தில் ஆள் குறைவு என்று எஸ்டேட் கணக்குப் பார்க்கும் ரைட்டர் என்னை எட்டு மணிக்கே வரச் சொல்லியிருந்தார். கேஸ் சிலிண்டரும் தீரும் நிலையில் இருந்தது. கருப்பு வேரைப் போட்ட தண்ணீர் கறுத்துவிட்டது, சாறு இறங்கிவிட்டது என்று நானே முடிவு செய்தேன். அரை மணி நேரத்திலேயே மற்றதையும் அதில் போட்டு, ஒரு கொதி விட்டு, வடிகட்டிக் கொடுத்தேன்.

வேலைக்குக் கிளம்பச் சேலைக்கு மேல் சட்டை மாட்டிக்கொண்டிருந்தபோது உள்ளேயிருந்து கூப்பிட்டார்.

"ஏம்புள்ள, உதடெல்லாம் மரத்துப்போச்சு."

"சூடாக் குடிச்சிருப்பீங்க."

"இல்ல. நாக்கும் அப்படித்தான் இருக்குது. வெரல்ல எறும்பு ஊர்றாப்பல இருக்குது."

சொல்லி முடிப்பதற்குள் வாந்தி எடுத்தார். நெற்றி சில்லென்று வேர்த்தது. மார்பில் கை வைத்துப் பார்த்தேன். துடிப்பு ஓடியது, நின்றது, மறுபடி தாறுமாறாக ஓடியது.

பக்கத்து வீட்டு ஜீப்பில் போட்டு ஏற்காடு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். இதயத் துடிப்பைத் தாளில் எடுத்துப் பார்த்த டாக்டரம்மா, "காலைல என்ன சாப்பிட்டாரு?" என்று கேட்டார்.

"காபித்தண்ணி மட்டுந்தானுங்க" என்றேன்.

அந்தப் பொய் எப்படி வந்தது என்று இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை. போலீஸ் வரும், புருஷனைக் கொன்றவள் என்பார்கள் என்று மட்டும் மனசு ஓடியது. மாரடைப்பாக இருக்கலாம், உடனே சேலம் போங்கள் என்று ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள்.

மலையிலிருந்து இறங்கும்போது ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் அவர் சரியாமல் பிடித்துக்கொண்டேன். தலைமாட்டில் இருந்த கருவியின் ஓசை சீராக வரவில்லை. அவர் கண் திறந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் டாக்டரிடம் சொன்னது அவர் காதில் விழுந்திருக்கிறது. கருவி ஒரு கணம் ஓசை இல்லாமல் நின்று மீண்டும் கத்தியபோது என்னால் தாங்க முடியவில்லை. கூட வந்த நர்ஸின் கையைப் பிடித்தேன்.

"நான் ஒரு கஷாயம் குடுத்தனுங்க. சீன மருந்து. சரியாக் கொதிக்க வெக்கலீங்க."

"இத மேல ஆஸ்பத்திரியிலயே சொல்லியிருக்கலாமில்லீங்க" என்றவர், உடனே சேலம் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டார்.

அங்கே டாக்டர் தயாராக இருந்தார். "மூட்டுவலிக்குன்னா பெரும்பாலும் நம்ம வச்சநாபி வகை வேரா இருக்கும். நல்லா வேகலைன்னா விஷம். எவ்வளவு நேரம் கொதிச்சது?"

"அரை மணி நேரந்தானுங்க."

எழுதிக்கொண்டு உள்ளே போனார். திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் அழுதிருப்பேன்.

கண்ணாடிக் கதவுக்கு வெளியே உட்கார்ந்திருந்தேன். கதவு திறக்கும்போதெல்லாம் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று எழுந்து நின்றேன். எங்கள் மலைச்சாமி சேர்வராயனை வேண்டிக்கொள்ளக்கூட வாய் வரவில்லை. சாமியிடமும் செய்ததை முதலில் சொல்ல வேண்டுமே என்று கூசியது. சாயங்காலம் நர்ஸ் வந்து, துடிப்பு சீராகிக்கொண்டு வருகிறது என்றபோதும் அந்த நர்ஸின் முகத்தைப் பார்த்து, உண்மையா என்று இரண்டு முறை கேட்டேன்.

மூன்றாம் நாள் வார்டுக்கு மாற்றினார்கள். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் அவரிடம் சொன்னேன்.

"வாயில வெச்சதுமே ருசி வேறயா இருந்துச்சு. நீ குடுத்ததுன்னுதான் குடிச்சிட்டேன்" என்றார். அதற்குமேல் அதைப் பற்றி ஒருபோதும் பேசியதில்லை.

மீதிப் பொட்டலங்களை டாக்டர் கேட்டபடி கொண்டுபோய்க் கொடுத்தேன். போனில் அழுத நாத்தனாரிடம், "நீ சரியாத்தான் சொன்ன, நாந்தான் கேக்கல" என்றேன். அவர் மூட்டுவலி அப்படியேதான் இருக்கிறது. காலை வெயிலில் டாக்டர் சொல்லித்தந்தபடி காலை நீட்டி மடக்குகிறார். எஸ்டேட்டில் ஏணி வேலையிலிருந்து எடுத்து, மிளகு பிரிக்கும் கொட்டகையில் உட்கார வைத்திருக்கிறார்கள். தினமும் ஆறு மணிக்கு முனகிக்கொண்டே எழுந்திருப்பார். அந்தச் சத்தம் வரக் கொஞ்சம் தாமதமானாலும், செய்துகொண்டிருக்கும் வேலையைப் போட்டுவிட்டு உள்ளே போய்ப் பார்க்கிறேன்.