நெஸ்டாவின் வகுப்பில் யாரும் தோற்கவில்லை

நெஸ்டா பியூ ஓய்வு பெறுகிறாள், கல்லூரி மலருக்கு அவளைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தாருங்கள் என்று கேட்டார்கள். யாரிடம்? என்னிடம்! அவளைப் பார்த்து எனக்கு எத்தனை வருடம் வயிறு எரிந்தது என்பது வாசல் காவலாளிக்குக்கூடத் தெரியும். மலருக்கு இனிப்பாக ஏதோ எழுதிக் கொடுத்துவிட்டேன். உள்ளது உள்ளபடி இங்கே எழுதுகிறேன்.

நிலக்கரிச் சுரங்கம் நிறைந்த ரோண்டாப் பள்ளத்தாக்கில் பிறந்தவள் நெஸ்டா. பதினாறு வயதில் பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டுவிட்டு வறுத்த மீன் விற்கும் கடையில் உருளைக்கிழங்கு வறுத்தாள். பிறகு முதியோர் இல்லத்தில் எடுபிடி வேலை, பிறகு நர்ஸ் படிப்பு, பிறகு இருபத்திரண்டு வருடம் ஒரு சின்னக் காரில் வீடு வீடாகப் போய்ப் புண்ணுக்குக் கட்டுப் போட்டாள். நர்ஸ்களும் பயிற்சி எடுத்தால் மருந்துச் சீட்டு எழுதலாம் என்று சட்டம் வந்தபோது, தூறலில் நனைந்துகொண்டே போய் முதல் வரிசையில் உட்கார்ந்து அந்தப் பயிற்சியை முடித்தாளாம். முட்டி தேய்ந்து வீட்டுப் படி ஏற முடியாமல் போன பிறகு எங்கள் கல்லூரிக்குப் பாடம் நடத்த வந்தாள்.

நான் டெலித் மேடாக்ஸ். டாக்டர் பட்டம் வாங்கியவள். மருந்தைச் சிறுநீரகம் எப்படி வெளியேற்றுகிறது என்பதில் நாலு வருடம் மண்டையை உடைத்துக்கொண்டவள். அவள் வருவதற்கு முன் பதினொரு வருடம் எங்கள் கல்லூரியில் அந்த மருந்துச் சீட்டுப் பயிற்சியைத் தனியாளாக நடத்தியவள். என்னிடம் படிக்க வருகிறவர்கள் குழந்தைகள் இல்லை. பத்துப் பதினைந்து வருடம் வார்டில் நின்று காலில் நரம்பு புடைத்த நர்ஸ்கள். அவர்களுக்கு அறுநூற்று நாற்பது படங்கள் திரையில் போட்டு, ஒரு மருந்து உடம்புக்குள் நுழைந்து வெளியேறும் வரை ஒன்று விடாமல் சொல்லிக் கொடுத்தேன்.

நெஸ்டா வந்ததும் பயிற்சி இரண்டு வகுப்பாகப் பிரிந்தது, பாதிப் பேர் அவளிடம். அவளிடம் ஒரு படமும் கிடையாது. கடைப் பை ஒன்றைக் கொண்டு வந்து மேசையில் கவிழ்ப்பாள். ஏதோ ஒரு நோயாளி வீட்டுக் காலி மாத்திரை அட்டைகள், பாதி தீர்ந்த களிம்பு, இருமல் மருந்து, எவளோ அக்கம்பக்கத்துக்காரி கொடுத்த தூக்க மாத்திரை. "இந்தம்மா எதெல்லாம் சாப்பிடுது, எதெல்லாம் சாப்பிடறதாப் பொய் சொல்லுது? கண்டுபிடிங்க பாப்போம்" என்பாள். சுவருக்கு இந்தப் பக்கம் நான் கல்லீரல் நொதிகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பேன். அந்தப் பக்கம் கூரை பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி சிரிப்பு. என் மாணவர்களின் கண் சுவர் பக்கம் போகும். அதைப் பார்க்கிற கொடுமை இருக்கிறதே, அப்பப்பா!

"டெலித் கண்ணு, என்ன மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க? டீ போடட்டா?" என்று ஒருநாள் நடைபாதையில் வழிமறித்தாள்.

"வேணாம் நெஸ்டா. உங்க கிளாஸ் சத்தத்துல என் பசங்களுக்கு நான் பேசறதே கேக்கல."

"அடப்பாவமே. நாளையிலேருந்து வாயப் பொத்திக்கிட்டு சிரிக்கச் சொல்றேன்."

கிண்டலா, நிஜமா என்று தெரியவில்லை. அவள் மேசையில் மாணவர்கள் கொண்டு வந்த திராட்சை ரொட்டி எப்போதும் இருக்கும். எனக்கு அவர்கள் கொண்டு வந்ததெல்லாம் விடுப்புக் கடிதம்தான்.

அவள் வந்த மூன்றாம் வருடம், துறைத் தலைவர் ஓசியன் பெய்னன் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். நல்ல மனிதர், ஆனால் கெட்ட செய்தி சொல்லும்போது ஜன்னலைத்தான் பார்ப்பார்.

"அடுத்த வருஷத்துலேருந்து ஒரே வகுப்புதான். ஒரே டீச்சர்தான். ஜூன் பரீட்சை எப்படிப் போகுதுன்னு பாத்துட்டு முடிவு பண்ணலாம். இன்னொருத்தர் முதலாம் ஆண்டுப் பசங்களுக்குக் கை கழுவச் சொல்லித் தரணும்."

கை கழுவ! என் பயிற்சியை அவளுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டு நான் சோப்பு நுரையோடு நிற்பதா? அன்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் பேருந்து ஜன்னலில் என் மூஞ்சியே எனக்குப் பிடிக்கவில்லை.

எங்கள் பரீட்சையில் ஒரு பகுதிக்கு நோயாளியாக நடிக்க ஆள் வருவார்கள். மாணவர் அவரிடம் கேள்வி கேட்டு, சீட்டு எழுத வேண்டும். உயிருக்கு ஆபத்தான மருந்தை எழுதினால் அவ்வளவுதான், மற்ற மதிப்பெண் எத்தனை இருந்தாலும் தோல்வி. இன்னொரு வாய்ப்பு ஒன்றே ஒன்று உண்டு. அந்தப் பகுதிக்கான கேள்வியை நான் எழுதுகிறேன் என்று நானே கேட்டு வாங்கினேன். இருவரும் பாடம் எடுக்கிறோம், ஆகவே ஒருவர் கேள்வியை மற்றவர் பார்க்கக் கூடாது என்று நியாயமும் பேசினேன். வெளியிலிருந்து வந்த பரீட்சகர் மட்டும் பார்த்து ஒப்புதல் தந்தார்.

நான் வைத்த பொறி இதுதான். அறுபத்தாறு வயதுப் பெண்மணி, சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல். வழக்கமாக ட்ரைமெத்தோப்ரிம் மாத்திரை மூன்று நாள் கொடுத்தால் சரியாகிவிடும். ஆனால் அவளுக்கு மூட்டுவாதம். வாரம் ஒருமுறை மெத்தோட்ரெக்ஸேட் ஊசியைத் தானே போட்டுக்கொள்கிறாள். ரெண்டும் சேர்ந்தால் எலும்பு மஜ்ஜை படுத்துவிடும், ஆள் செத்தே போகலாம். அந்த ஊசி பெரிய ஆஸ்பத்திரி அனுப்புவது, வேனில் வீட்டுக்கே வருவது. குடும்ப டாக்டரின் பட்டியலில் இருக்காது. மேசையில் பையும் இருக்காது. கொட்டிப் பார்த்துச் சிரிக்கிற கூட்டம் பை இல்லாமல் என்ன செய்கிறது பார்க்கிறேன் என்று கறுவிக்கொண்டேன். அவள் மாணவர்கள் தோற்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். ஆமாம், ஆசைப்பட்டேன்.

பரீட்சை நாள். நோயாளியாக நடித்தவர் மேவிஸ், எங்கள் ஊர் நாடகக் குழுவில் ராணி வேஷம் கட்டுகிறவர். நான் மூலையில் மதிப்பெண் தாளோடு உட்கார்ந்தேன். மதிப்பெண் போடுகிறவர் வாயைத் திறக்கக் கூடாது.

முதலில் நெஸ்டாவின் மாணவர், தாடி வைத்த ஒரு தடியன். அலர்ஜி கேட்டான், சிறுநீரகம் கேட்டான். பிறகு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டான்.

"உங்க வீட்டுக் கதவ யாரெல்லாம் தட்டுவாங்கம்மா? மருந்து, மாத்திரை கொண்டு வந்து தர்றவங்க?"

"ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா வேன்காரர் வருவார் தம்பி. மூட்டுக்கு ஊசி."

என் பேனா நின்றுவிட்டது. அடுத்து வந்தவளும் அதையேதான் கேட்டாள். அதற்கடுத்தவளும். பதினொரு பேர், பதினொரு பேரும்!

மதியத்துக்கு மேல் என் வகுப்பு. டெக்வென் வந்தாள். விபத்துப் பிரிவில் சீனியர் நர்ஸ். எழுத்துத் தேர்வில் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு. நான் பெற்ற பிள்ளை மாதிரி அவளை நினைத்துப் பெருமைப்பட்டிருக்கிறேன். பட்டியலில் இருந்த எல்லாக் கேள்வியும் வரிசை பிசகாமல் கேட்டாள்.

"உங்க டாக்டர் வேற ஏதாவது மருந்து தர்றாரா?"

"எங்க டாக்டர் தர்றது பிரஷர் மாத்திரை ஒண்ணுதாம்மா."

கேளுடீ, இன்னும் ஒன்று கேளுடீ என்று என் மனசு அடித்துக்கொண்டது. டெக்வென் தலையாட்டிவிட்டு அழகான கையெழுத்தில் ட்ரைமெத்தோப்ரிம் என்று எழுதினாள். இந்த ரெண்டு மருந்தும் சேரக் கூடாது என்பது அவளுக்குத் தூக்கத்தில் எழுப்பினாலும் தெரியும். நான் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். எங்கே போய்த் தேட வேண்டும் என்று சொல்லிக் கொடுக்கவில்லை. தோல்வி என்ற சிவப்புக் கட்டத்தில் கோடு போட்டேன். சாயங்காலத்துக்குள் அப்படி ஆறு கோடு. என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டேன்.

முடிவு வந்ததும் நெஸ்டா என் அறைக்கு ஓடி வந்தாள். நொண்டிக்கொண்டேதான், ஆனால் ஓட்டம்தான்.

"எப்படிடி எழுதின அந்தக் கேள்விய? பிரமாதம்டி! இத மாதிரி ஒண்ணு எனக்கு எழுத வராது. ஓசியன்கிட்ட போய்ச் சொல்லிட்டேன், இந்தக் கேள்விக்காகவே டெலித்தை வச்சுக்கணும்னு."

திட்டியிருந்தாலாவது தாங்கியிருப்பேன். "ரொம்ப நன்றி" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன். ஓசியன் ஜன்னலைப் பார்த்தபடி பயிற்சியை அவளுக்குத்தான் கொடுத்தார்.

மறுநாள் காலை டெக்வென் வந்தாள். அழுது கண் வீங்கியிருந்தது.

"நெஸ்டா கிளாஸ் பசங்க கேண்டீன்ல சொன்னாங்க மேடம். நெஸ்டா மேடமே ஒரு தடவை ஒரு பாட்டிக்கு இதே மாதிரி சீட்டு எழுதிட்டாங்களாம். கிளம்பறப்போ டீக்குப் பால் எடுக்கப் போயிருக்காங்க. ரொட்டி டப்பா பக்கத்துல, போட்ட ஊசியப் போடற ஊதா மூடி டப்பா, இதே மூட்டு ஊசிக்குத் தர்றது. அதப் பாத்துட்டுத்தான் சீட்டக் கிழிச்சாங்களாம். அங்கயே உக்காந்துட்டாங்களாம். முதல் கிளாஸ்லயே இதச் சொன்னாங்களாம்."

மேசையில் இருந்த மதிப்பெண் தாள்களை அடுக்கினேன்.

"நீங்க எப்பவாவது அந்த மாதிரி தப்புப் பண்ணிருக்கீங்களா மேடம்?"

பண்ணியிருக்கிறேன். நான் நர்ஸாக வார்டில் சேர்ந்த இரண்டாம் வருடம், ஒரு முதியவருக்கு வலிக்கான மார்ஃபினை ஊசியில் பத்து மடங்கு எடுத்துவிட்டேன். ஊசி அவர் தோலைத் தொட்ட பிறகுதான் கவனித்தேன். கழிவறையில் கொட்டிவிட்டு யாரிடமும் மூச்சு விடவில்லை. அப்பொழுதே சொல்லியிருந்தால் திட்டு விழுந்திருக்கும்; பிறகு சொன்னால் இந்த டாக்டர் பட்டத்துக்கு என்ன மரியாதை?

"இல்ல" என்றேன்.

"அப்படியா" என்றாள் டெக்வென். பிறகு பையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்து மேசையில் வைத்தாள். இரண்டாம் வாய்ப்புக்கு வேறு ஆசிரியரிடம் பயிற்சி எடுக்க, இருக்கும் ஆசிரியர் சம்மதம் தர வேண்டும். புது ஆசிரியர் என்ற கட்டத்தில் நெஸ்டாவின் பெயரை ஏற்கெனவே எழுதியிருந்தாள்.

கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.