கண்ணாடியைக் கழற்று

இருபது வருடமாக ஊராருக்கெல்லாம் கண்ணாடி மாட்டிவிட்டவள், தனக்கு வெள்ளெழுத்து வந்ததை மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. கையிலிருந்து திருகாணி நழுவினால், "இப்பல்லாம் ரொம்பச் சின்னதா செய்யறான்" என்று முகம் தெரியாத யாரையோ திட்டுவாள். கடைத்தெருவில் அவளுக்குக் கண்ணாடியக்கா என்று பெயர். முதலாளி கல்லாவில் இருப்பார். பிரேம் எடுத்துக் காட்டுவது, கம்பியைச் சூடு காட்டி வளைப்பது, காதுக்குப் பின்னால் உறுத்துகிறதா என்று விரல் விட்டுப் பார்ப்பது எல்லாம் அவள்தான்.

எதிரே மருந்துக்கடை. கடைக்காரர் அதிர்ந்து பேசாதவர். வயசானவர்களுக்கு எந்த மாத்திரை எந்த வேளைக்கு என்று பெரிய எழுத்தில் எழுதித் தருவார். தங்கமான மனுஷன் என்று தெருவே சொல்லும். அவருக்கு ஒரே மகள், ஒன்பது வயது, தடித்த கண்ணாடி போட்டவள்.

அந்தக் கண்ணாடி ஒரே வருடத்தில் மூன்று முறை உடைந்தது.

முதல் முறை அம்மா கூட்டி வந்தாள். "மாடிப்படியில விழுந்துட்டா." கண்ணாடியக்கா குழந்தையின் கன்னத்தைக் கிள்ளி, "உனக்குக் கண்ணாடி பத்தாது, கடிவாளமும் போடணும்" என்றாள். குழந்தை சிரிக்கவில்லை.

இரண்டாம் முறையும் அதே இடது கம்பிதான். முகத்துப் பக்கமாக மடங்கி, கீலோடு பிய்ந்திருந்தது. கீழே விழுந்த கண்ணாடி இப்படி மடங்காது. எதிரே நின்று வலது கையால் ஓங்கி அறைந்தால்தான் மடங்கும். அந்த நினைப்பு வந்ததும், சேச்சே, அந்த மனுஷனையா என்று தன்னையே அதட்டிக்கொண்டாள். சீட்டில் 'இடது கம்பி மாற்று' என்று எழுதிக் கோப்பில் செருகினாள்.

மூன்றாம் முறை அப்பாவே அழைத்து வந்தார். குழந்தை பழைய கண்ணாடி ஒன்றைப் போட்டிருந்தாள். இடது புருவத்தில் நான்கு தையல்.

"பந்து பட்டுடுச்சு. இவளுக்கும் கண்ணாடிக்கும் ஜென்மப் பகை" என்றார். முதலாளி சிரித்தார். எதிரே தன் கடைக்கு ஆள் வரவே, அப்பா "மாட்டிப் பாருங்க, இதோ வந்துடறேன்" என்று போனார். முதலாளியும் தபால்காரர் குரல் கேட்டு வாசலுக்குப் போனார்.

"கண்ணாடியக் கழட்டும்மா" என்றாள் கண்ணாடியக்கா. நாளைக்கு ஐம்பது தடவை அவள் வாயில் வருகிற வார்த்தை.

சிறுமி கழற்றினாள். கம்பிகளை ஒழுங்காக மடித்து மேசை ஓரத்தில் வைத்தாள். பிறகு கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, கண்களை இறுக மூடி, முகத்தை நிமிர்த்தி நின்றாள்.

புது பிரேமோடு நீண்ட கை அப்படியே நின்றுவிட்டது.

"ஏம்மா இப்படி நிக்கிற?"

"நேரா நிக்கலன்னா இன்னொண்ணு விழும்."

கண்ணாடியக்கா வாசலை ஒரு தரம் பார்த்தாள். குரலைத் தாழ்த்தி, "யாருடா அடிக்கறது?" என்றாள்.

"அப்பா. கண்ணாடியக் கழட்டச் சொல்லிட்டுதான் அடிப்பாரு. கழட்டலன்னா அடிக்க மாட்டாருன்னு நெனச்சேன். மூணு தடவ கழட்டாம இருந்து பாத்தேன்."

"அப்ப மத்த நாள்ல?"

"கழட்டிடுவேன்."

மூன்று நாள்தான் கண்ணாடி உடைந்தது. மற்ற நாட்களுக்குச் சீட்டே கிடையாது.

"உன் மேல தப்பே இல்லடா. அப்பாவா இருந்தாலும் உன்ன அடிக்கக் கூடாது."

"அவருகிட்ட சொல்லாதீங்க."

"அவருகிட்ட சொல்லல. உன்னக் காப்பாத்தறவங்ககிட்ட சொல்லுவேன்."

அன்று மாலை முதலாளியிடம் சொன்னபோது அவர் முகம் கொடுக்கவில்லை. "பெத்தவன் நாலு தட்டு தட்டுவான். ஊர் வம்பு நமக்கெதுக்கு?"

"தட்டினா தையல் விழாது சார்."

அன்றிரவே அவள் குழந்தைகள் உதவி எண்ணுக்குப் பேசினாள். மறுநாளே இரண்டு பெண் அதிகாரிகள் பள்ளிக்குப் போனார்கள். விழுந்துவிட்டேன் என்றே சிறுமி இரண்டு நாள் சொன்னாள். மூன்றாம் நாள் சட்டையைத் தூக்கி முதுகைக் காட்டினாள். அவளைப் பெரியம்மா வீட்டில் விட்டார்கள். அப்பா மேல் வழக்குப் போட்டார்கள்.

உன் பெயர் வெளியே வராது என்றுதான் சொன்னார்கள். ஆனால் ஊர் வாயை மூட உலைமூடி ஏது? குடும்பத்தைக் கெடுத்தவள் என்று தெரு பேசியது. ஒரு நாள் சிறுமியின் அம்மாவே கடை ஏறி வந்து கத்தினாள்:

"என்னையும்தான் அடிக்கறாரு. நான் குடும்பம் நடத்தலையா?"

கடையில் இருந்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். சொன்னவள் வாயைப் பொத்திக்கொண்டு இறங்கிப் போனாள்.

நீதிமன்றத்தில் கண்ணாடியக்கா சாட்சி சொன்னபோது எதிர்த்தரப்பு வக்கீல், "நீங்க டாக்டரா?" என்று கேட்டார்.

"இல்லைங்க, கம்பி வளைக்கறவ. எந்தக் கம்பி எதனால வளையும்னு எனக்குத் தெரியும்."

தீர்ப்பு இன்னும் வரவில்லை. ஜாமீனில் வந்தவர் தினமும் கடை திறக்கிறார். வயசானவர்களுக்குப் பெரிய எழுத்தில் எழுதித் தருகிறார். அவர்களும் வாங்கிக்கொள்கிறார்கள்.

போன வாரம் ஒரு மத்தியானம், மருந்துக்கடையில் கூட்டமாக இருந்த நேரம் பார்த்து அந்த அம்மா வந்தாள். தலைவலி, கண் பார்க்கணும் என்றாள். கண் டாக்டர் இன்றைக்கு வரமாட்டார் என்றபிறகும் எழுந்திருக்கவில்லை.

"அக்கா, அந்த நம்பரு... கொழந்தைங்களுக்கு மட்டுமா?"

"பெரியவங்களுக்கு வேற இருக்கும்மா. எழுதித் தரட்டா?"

"வேணாம். அவரு என் பையெல்லாம் பாப்பாரு. சொல்லுங்க."

கண்ணாடியக்கா நிதானமாகச் சொன்னாள். அந்த அம்மா உதடசைத்து நாலைந்து தடவை திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டுத் தெருவைக் கடந்து மருந்துக்கடைக்குள் போனாள்.