வாயைத் திறந்த பிறகு

இப்போது நான் வசிக்கும் காப்பெல் நகரில் என் மகள் பொரித்த பாப்கார்னின் வாசனை, சிறுவயதில் நாங்கள் குடியிருந்த மான்மவுத் ஜங்ஷன் ஊரில் பிறகு இடித்துவிட்ட கிளப்ஹவுஸுக்கு என்னைக் கொண்டுபோனது. எதிர்வீட்டு ஃபிராங்க் அங்கிள் சனிக்கிழமைதோறும் அங்கே புரொஜெக்டரை உருட்டிவந்து பழைய ஊமைக் குறும்படங்களைப் போடுவார். ஆங்கிலம் தெரியாததால் வாரம் முழுக்க வாய் திறக்காத அம்மா, வழுக்கி விழுகிறவர்களைப் பார்த்து எல்லோரையும்விட உரக்கச் சிரிப்பாள். ஒரு சனிக்கிழமை, பேசும் படம் ஒன்றைப் போட்டார். அம்மா சிரிக்கவேயில்லை.

"என்ன பேசுறாங்கன்னு நான் தமிழ்ல சொல்லட்டுமாம்மா?"

"வேணாம்டா. வாயத் திறந்தப்புறம் ஒருத்தனும் ஒழுங்கா விழமாட்டேங்குறான்."

அங்கிள் என்னவென்று கேட்டார். சொன்னேன்.

"ஷி இஸ் ரைட்" என்று சொல்லிவிட்டு, பேசும் படத்தைப் பாதியில் நிறுத்தி, பழைய ரீலை மாட்டினார். அன்று அந்த ஹாலில் அம்மாவின் சிரிப்பு மட்டுமே கேட்டது.