இளவரசிக்குக் கப்பல் ஒத்துக்கொள்ளவில்லை

எங்கள் தீவில், பத்துபஸ்தியில் மழை ஓய்ந்தால் என் வீட்டில் முதலில் வெயிலுக்கு வருவது துணிமணி அல்ல, ஒரு சரித்திர நாவல். வாரப் பத்திரிகையில் வந்த தொடரைக் கிழித்துச் சேர்த்து, கோணி ஊசியால் தைத்து, பழைய காலண்டரை அட்டையாகப் போட்டு நானே கட்டியது. போன மாதம் காயவைத்துக்கொண்டே மறுபடி படித்தேன். படிக்கப் படிக்க எரிச்சல்தான் வந்தது. கதாநாயகன் வாய் ஓயாமல் வீரம் பேசுகிறான். பெண் என்றால் மட்டும் கையைப் பிடித்து இழுக்கத்தான் தெரிகிறது. இருபது வயதில் இவனுக்கா உருகினேன் என்று என் மேலேயே கோபம்.

அறுபதுகளில் நானும் என் வீட்டுக்காரரும் இதே தீவில் டெலானிபூர் குவார்ட்டர்ஸில் இருந்தோம். கப்பல் வந்தால்தான் பத்திரிகை. மூன்று நான்கு வாரத்து இதழ்கள் ஒரே கட்டாக வந்து இறங்கும். அன்று மத்தியானம் எங்கள் வரிசைத் தமிழ்ப் பெண்கள் எல்லோரும் என் வீட்டில்தான் இருப்பார்கள். நான் உரக்கப் படிப்பேன், அவர்கள் கீரை ஆய்ந்தபடி கேட்பார்கள்.

ஒரு தடவை நடுவில் ஒரு வாரத்து இதழ் வரவே இல்லை. அதற்கு முந்தைய இதழில் இளவரசி கோட்டைக்குள் இருந்தாள். கீழே கதாநாயகன் குதிரையோடு நின்றான். அடுத்த இதழில் இருவரும் நடுக்கடலில். அவள் மூன்று நாளாகச் சாப்பிடவில்லை. கண் சிவந்து, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறாள். எங்களில் ஒருத்திக்கும் சந்தேகமே வரவில்லை. மெட்ராஸிலிருந்து வந்த கப்பலில் குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தியெடுத்தவர்கள்தானே எல்லோரும்.

“பாவம், அவளுக்குக் கப்பல் ஒத்துக்கல,” என்றார் பக்கத்து வீட்டு மதுரை அக்கா. “ஒரு துண்டு எலுமிச்சங்கா ஊறுகாய வாயில ஒதுக்கிருந்தா சரியாப் போயிருக்கும்.”

விட்டுப்போன அத்தியாயத்தை நானே எழுதினேன். கோடு போட்ட தாளில் நாலு பக்கம். அதில் கதாநாயகன், “கடல் தாண்ட வேண்டும். வருகிறாயா? யோசித்துச் சொல், காத்திருக்கிறேன்,” என்கிறான். அவள் யோசித்து, தானே படியிறங்கி வருகிறாள். அதையும் அதன் இடத்தில் வைத்துத் தைத்தேன்.

போன மாதம் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துப் படித்த மகள் விஷயத்தைப் போட்டு உடைத்துவிட்டாள்.

“அம்மா, இது கப்பல் வாந்தி இல்ல. அவளத் தூக்கிட்டு வந்திருக்கான், அவ அழுதுட்டுக் கெடக்கா. உன் கையெழுத்துல இருக்கற நாலு பக்கத்துலதான் அவளக் கேக்கறான். மத்த எடத்துல எங்கயுமே கேக்கல. பேக்கார் கிதாப், ஒண்ணுத்துக்கும் ஆகாது, தூக்கிப் போடு.”

எனக்கு என் கப்பல் பயணம் ஞாபகம் வந்தது. கல்யாணமான கையோடு இவருக்குத் தீவில் வேலை என்றார்கள். அப்பா தலையாட்டினார், கப்பலேற்றிவிட்டார்கள். என்னை யாரும் கேட்கவில்லை. நானும் சுவர்ப் பக்கம் திரும்பித்தான் படுத்து வந்தேன். கப்பல் ஒத்துக்கொள்ளவில்லை என்று எல்லோரிடமும் சொல்லிச் சொல்லி நானே நம்பிவிட்டேன். அந்த நாலு பக்கத்தை ஏன் எழுதினேன் என்று எனக்கே அன்றைக்குத்தான் விளங்கியது.

ஆனாலும் புத்தகத்தைத் தூக்கிப் போட மனம் வரவில்லை. காரணத்தை மகளிடம் சொன்னேன்.

என் வீட்டுக்காரர் கதை படிக்கிற ஆளே இல்லை. டெலானிபூரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மழையில் வெளியே போக முடியாமல் இந்தப் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டார். சாயங்காலம் வரை படித்தார். மூடி வைத்தார். இரண்டு வருஷம் கழித்து ஒரு நாள் ஆபீஸிலிருந்து வந்தவர், சட்டையைக்கூடக் கழற்றாமல் அடுப்படி வாசலில் வந்து நின்றார்.

“மெயின்லேண்டுக்கு மாத்தல் குடுக்கறாங்களாம். போலாமா, இங்கயே இருக்கலாமா? யோசிச்சுச் சொல்லு, காத்திருக்கேன்.”

அவர் வாயில் வருகிற பேச்சே அல்ல அது. எங்கே படித்தார் என்று எனக்குத் தெரியும். அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. சந்தோஷத்தில் குழம்பைத் தீயவிட்டேன். இரண்டு நாள் எடுத்துக்கொண்டு, இங்கேயே இருக்கலாம் என்றேன்.

“அதுக்கப்புறம்தான் நீ பொறந்த,” என்றேன் மகளிடம்.

அவள் புத்தகத்தை வாங்கி, அந்த நாலு பக்கத்தைத் தேடிப் பிரித்து வெயிலில் வைத்தாள்.