அளவு நோட்டில் என் பக்கம்

ஆறு வருடத்துக்கு முன்பு, ஐப்பசி மழை விடாமல் பெய்த ஒரு காலையில், நான் வைத்தியம் பார்த்துக்கொள்ளும் ஆஸ்பத்திரியில் நடந்தது இது. நான் அஞ்சாவது வரை படித்தவள். அபிராமபுரத்தில் ஒரு சந்துக்குள், வீட்டு முன்னறையில் மிஷின் போட்டு ரவிக்கை தைக்கிறேன். புது ஆட்களிடம் பேச எனக்கு நாக்கு எழாது. அளவு எடுக்கும்போதுகூட வாயைத் திறக்காமல் வேலையை முடித்துவிடுவேன்.

அந்தக் கூச்சம்தான் என்னைக் கெடுத்தது. மலத்தோடு ரத்தம் போனபோது யாரிடமும் சொல்லவில்லை. மூலம் என்று நானே முடிவு கட்டிக்கொண்டு, எட்டு மாதம் மோரும் கருணைக்கிழங்குமாகச் சாப்பிட்டேன். ஒருநாள் மயங்கி மிஷின் மேலேயே சாய்ந்த பிறகுதான் மகள் இழுத்துக்கொண்டு போனாள். மலக்குடலில் புற்றுநோய். கதிர் சிகிச்சை என்று கரண்ட் வைத்தார்கள், மருந்து ஏற்றினார்கள், ஆபரேஷன் செய்தார்கள். அக்கம்பக்கத்தில் கேட்டவர்களிடம் எல்லாம் வயிற்றில் கட்டி என்றுதான் சொல்லிவைத்தேன். இடத்தைச் சொல்ல வாய் வரவில்லை.

அதன் பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் எடுப்பார்கள். அதில் சி.இ.ஏ. என்று ஒன்று பார்ப்பார்கள். கட்டி திரும்ப வந்தால் பல பேருக்கு அந்த எண் ஏறுமாம். ஐந்துக்குள் இருந்தால் நார்மல் என்று மகள் விளக்கினாள். நான் அதை அளவு நோட்டில் குறித்துவைத்தேன். அந்த நோட்டில் வாடிக்கைக்காரர் ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம் உண்டு. மார்பு, இடுப்பு, கை எல்லாம் தேதி போட்டு எழுதியிருப்பேன். என் பக்கத்தில் ரத்தத்தின் எண் மட்டும். முதல் மூன்று தடவையும் ஒன்றுக்குப் பக்கத்திலேயே நின்றது.

அந்த ஐப்பசிக் காலையில் மகளுக்கு லீவு கிடைக்கவில்லை. தனியாகப் போனேன். சின்ன வயசு டாக்டரம்மா அன்றைய ரிப்போர்ட்டை மட்டும் பார்த்தார். நாலு புள்ளி ஆறு.

"நார்மல்தாம்மா. அஞ்சுக்குள்ள இருக்கு. மூணு மாசம் கழிச்சு வாங்க."

தலையாட்டிவிட்டு வெளியே வந்தேன். பெஞ்சில் உட்கார்ந்து, எண்ணைக் குறிக்க நோட்டைப் பிரித்தேன். மேல் வரியில் மூன்று புள்ளி நாலு. அதற்கு மேல் இரண்டு புள்ளி ஒன்று. பேனா அப்படியே நின்றுவிட்டது.

என்னிடம் வரும் சில பெண்கள், "நான் ஒண்ணும் பெருக்கலக்கா, பழைய அளவே போடு" என்பார்கள். முப்பத்தாறு ஒன்றும் பெரிய உடம்பு இல்லைதான். ஆனால் பொங்கலுக்கு முப்பத்திரண்டு, ஆடிக்கு முப்பத்துநாலு என்று நோட்டில் இருந்தால், பின்னால் பிரித்துவிடுவதற்கு உள்ளே துணி விட்டுத்தான் தைப்பேன். ஒரு அளவைத் தனியாகப் பார்த்து என்ன தெரியும்? முந்தைய வரியோடு வைத்துப் பார்க்க வேண்டும்.

என் பக்கம் ஏறிக்கொண்டிருந்தது.

உள்ளே போய்ச் சொல்ல வேண்டும். ஆனால் படித்த பெண் நார்மல் என்கிறார், ரவிக்கை தைக்கிறவள் போய் இல்லை என்பதா? குடையை எடுத்துக்கொண்டு வெளிவாசல் வரைக்கும் போய்விட்டேன். அந்த எட்டு மாதக் கருணைக்கிழங்கு ஞாபகம் வந்தது. திரும்பினேன்.

டோக்கன் வாங்கும் அம்மா மறித்தார். "இன்னா ஆயா, உன் டோக்கன்தான் முடிஞ்சிச்சே. மறுபடி இன்னாத்துக்கு உள்ள போற?"

"ஒரு வார்த்தை சொல்லணும்மா."

"பத்து பேரு குந்திகினு கீறாங்க. ஆளுக்கு ஒரு வார்த்தைன்னா டாக்டரு எப்போ வூட்டுக்குப் போறது?"

"சொல்லாம போனா நான் வீட்டுக்குப் போயும் பிரயோஜனம் இல்லம்மா" என்றேன். என் குரல்தானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சரி போ. சட்டுனு வா" என்று கதவைத் தள்ளிவிட்டார்.

அவசரத்தில் வேறு பக்கத்தைப் பிரித்து நீட்டிவிட்டேன். டாக்டரம்மா வாய்விட்டே படித்தார். "மார்பு நாப்பது, முதுகு இறக்கம் எட்டு... இது யாரும்மா?"

"ஐயோ, அது மாடி வீட்டு அம்மா!" என்று பிடுங்கி என் பக்கத்தைத் திருப்பினேன்.

சிரித்துக்கொண்டே குனிந்தவர், எண்களைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினார். விரல் வைத்து ஒவ்வொரு வரியாகக் கீழே வந்தார். "ஏறிக்கிட்டே வருதேம்மா" என்று எழுந்து, பெரிய டாக்டரைக் கூட்டிவந்தார்.

ஒரு மாதத்தில் மறுபடி ரத்தம் எடுத்தார்கள். ஐந்தைத் தாண்டியிருந்தது. ஸ்கேன் எடுத்ததில் ஈரலில் ஒரு புள்ளி. பிரஸ் பட்டன் அளவு, ஒன்றே ஒன்று. எடுக்கக்கூடிய இடத்தில் இருந்தது, எடுத்துவிட்டார்கள். விட்டிருந்தால் எடுக்க முடியாத அளவுக்குப் பரவியிருக்கலாம் என்று பெரிய டாக்டர் சொன்னபோது, மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

போன மாதம் பரிசோதனைக்குப் போனேன். என் பக்கம் நிரம்பி, அடுத்த பக்கத்துக்கும் வந்துவிட்டது. ஈரல் ஆபரேஷனுக்குப் பிறகு வரிசையாக எல்லாம் ஒன்றுக்குப் பக்கத்திலேயே. அதே டாக்டரம்மாதான். "அந்த ஆபரேஷன் முடிஞ்சு அஞ்சு வருஷம் தாண்டிடுச்சும்மா. இனிமே வருஷத்துக்கு ஒரு தடவை வந்தா போதும்" என்றார். பிறகு பையிலிருந்து ஓர் அளவு ரவிக்கையை எடுத்து நீட்டி, "என் பேரையும் நோட்டுல எழுதிக்கோங்க" என்றார்.

வெளியே டோக்கன் அம்மா, "இன்னா ஆயா, இன்னிக்கு ஒரு வார்த்தை இல்லியா?" என்று வம்புக்கு இழுத்தார்.

"இருக்கு" என்றேன். "எனக்கு மலக்குடல்ல கேன்சர் இருந்துச்சு. இப்போ இல்ல."

பெஞ்சில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குக் கொஞ்சமும் கூச்சமாக இல்லை.

இப்போதெல்லாம் அளவு எடுக்கும்போது ஒரு பெண் "ரத்தம் போகுது, மூலம்தான்க்கா" என்று மெல்லச் சொன்னால், டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு டாக்டரிடம் காட்டச் சொல்லி முதலில் அந்தப் பேச்சைத்தான் எடுக்கிறேன். அன்று குடையோடு வாசல்வரை போனவள் திரும்பி நடந்த அந்தக் கொஞ்ச தூரத்தால்தான் இன்றுவரை நான் உயிரோடு இருக்கிறேன்.